அடுப்பின் காவலாளி

தேயிலை மலைகளிலே குளிருக்குப் பஞ்சமில்லை. அக்கரப்பத்தனையைக் கடந்து, ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் டயகமவில், மார்கழி, தை மாதத்து விடியற்காலைகளில் கைவிரல்கள் விறைத்துப் போகும். கொழுந்து மலைக்குப் புறப்பட வேண்டிய தாய், கம்பளியை இழுத்துப் போர்த்துக்கொண்டு முதலில் நாடுவது அடுப்பையே. தேநீரும் ரொட்டியும் அங்கிருந்துதான் வரவேண்டும். பிள்ளைகளின் கைகால் சூடேறுவதும் அதன் அருகில்தான்.

பல தலைமுறைகளாக அந்த அடுப்பு விறகடுப்பாகவே இருந்துவந்தது. பின்னர் மெல்ல மெல்லக் காஸ் அடுப்பு தோட்டங்களுக்குள் நுழைந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது சிலிண்டருக்காக நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்றனர். பல வீடுகள் விறகுக்குத் திரும்பின. இன்று ஒரே அடுப்படியில் ஒரு பக்கம் விறகடுப்பும் மறுபக்கம் காஸ் அடுப்பும் இருக்கக் காண்கிறோம். நுவரெலியாவைச் சூழ்ந்த விடுதிகளிலும் வசதியுள்ள இல்லங்களிலும் காஸினால் இயங்கும் வெந்நீர்க் கருவிகளும் அறையைச் சூடேற்றும் ஹீட்டர்களும் இடம்பெற்றுவிட்டன.

இந்த இருவகை அடுப்புகளுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. விறகடுப்பு அணைந்தால் அதன் ஆபத்தும் அநேகமாக அத்துடன் அடங்கிவிடும். காஸ் அடுப்போ சுடர் அணைந்த பின்னர்தான் ஆபத்தாகின்றது. பால் பொங்கி வழிந்தோ, கதவிடுக்கில் புகுந்த காற்று வீசியோ சுடர் அணைந்துவிட்டால், திறந்திருக்கும் குழாயின் வழியே வாயு ஓசையின்றி வந்துகொண்டே இருக்கும். அவ்வேளையில் ஆள் இல்லாத அடுப்படியில் வாயுவைத் தடுத்து நிறுத்துவதற்கென்று அமைந்ததே நாம் இங்கு காவலாளி என்று குறிப்பிடும் சிறு கருவி. அக்காவலாளி விழித்திருக்கின்றானா, உறங்கிவிட்டானா என்று பார்த்துக்கொள்ளும் முறையை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் வேண்டும்.

வாயுவின் இயல்பு

சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. அழுத்தத்தினால் திரவமாக்கப்பட்டு உள்ளே அடைபட்டிருக்கின்றது. புரொப்பேன் காற்றைப் போல் ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரண்டு மடங்கும் கனமுடையவை. ஆதலால் கசிந்த வாயு புகையைப் போல மேலெழுந்து கூரையிடுக்கால் வெளியேறுவதில்லை; தண்ணீரைப் போலத் தரையில் படிந்து, கட்டிலுக்கு அடியிலும் அலுமாரிக்குக் கீழும் தங்கிவிடுகின்றது. நூறு பங்கு காற்றில் ஏறத்தாழ இரண்டு பங்கு இவ்வாயு கலந்தாலே போதும். ஒரு பொறி பட்டால் தீப்பற்றும்.

மாணவர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்தடிக்குப் பன்னிரண்டு அடியுள்ள ஒரு லயக் காம்பராவை எடுத்துக்கொள்வோம். அதன் தரைப் பரப்பு ஏறத்தாழ 11 சதுர மீற்றர். முழங்கால் உயரம், அதாவது 45 சென்ரிமீற்றர் வரை உள்ள காற்றின் கனவளவு சுமார் 5 கன மீற்றர். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு 100 லீற்றர். நூறு லீற்றர் வாயுவின் எடை கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ஒரு பெரிய சிலிண்டரில் இருப்பதோ 12.5 கிலோ. அந்த அறையின் தரையோரக் காற்றை வெடிமருந்தாக்குவதற்கு, நிறைந்த சிலிண்டரில் ஐம்பதில் ஒரு பங்கு போதும் என்பது இதனால் விளங்கும்.

இவ்வாயுவுக்கு இயற்கையில் மணம் என்பதே கிடையாது. நாம் உணரும் நாற்றம் மெர்காப்டன் என்னும் பொருளைச் சேர்ப்பதனால் வருவது. அதன் பின்னே ஒரு துயரக் கதை உண்டு. 1937ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் திகதி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரிலுள்ள பாடசாலையின் அடித்தளத்தில் மணமற்ற இயற்கை வாயு ஒருவரும் அறியாமல் கசிந்து தேங்கியிருந்தது. மின்கருவியொன்றின் பொறி பட்டுக் கட்டடம் வெடித்தது. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர். அதன் பின்னரே வாயுவுக்கு நாற்றமூட்டுதல் சட்டமாயிற்று. ஆகவே அந்த நாற்றத்தை அலட்சியம் செய்தலாகாது. அத்தனை பிள்ளைகளின் உயிரை விலையாகக் கொடுத்து உலகம் பெற்றுக்கொண்ட எச்சரிக்கை அது.

நம் நாடு கற்ற பாடம்

இலங்கையிலும் அத்தகைய பாடம் ஒன்று கிடைத்தது. 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் நாட்டின் பல பாகங்களிலும் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் நாள்தோறும் வந்தன. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். சிலிண்டரிலுள்ள புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் விகிதம் மாறியமையே முதன்மைக் காரணமென்று அக்குழு தெரிவித்தது.

விகிதம் மாறினால் என்ன நேரும்? புரொப்பேன் 42 பாகை உறைகுளிரிலும் கொதித்து ஆவியாகும் தன்மையது. பியூட்டேனோ உறைநிலையை ஒட்டித்தான் ஆவியாகும். சாதாரண வெப்பநிலையில் தனிப் புரொப்பேனின் அழுத்தம் தனிப் பியூட்டேனுடையதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. புரொப்பேனின் பங்கு கூடினால் சிலிண்டரின் அழுத்தம் கூடும். பழைய இறப்பர் குழாயிலும் தேய்ந்த ரெகுலேட்டரிலும் உள்ள பலவீனங்கள் அப்பொழுது வெளிப்படும். கலவையைச் சரியாக வைத்திருப்பது வழங்குவோரின் கடமை; அதனைக் கண்காணிப்பது அரசின் கடமை. குழாயும் ரெகுலேட்டரும் அடுப்பின் காவற்கருவியும் நம் வீட்டினுள் இருப்பவை. அவற்றை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

காவலாளி வேலை செய்யும் விதம்

அடுப்பைப் பற்றவைக்கும் பொறியும், சுடரைக் கண்காணிக்கும் காவலும் வெவ்வேறானவை. குமிழைத் திருகும்போது 'டக்' என்று கேட்கும் பொறி, பெரும்பாலும் ஒரு சிறு படிகத்தைச் சுத்தியலால் தட்டுவது போன்ற அமைப்பினால் உண்டாகின்றது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்பதை 1880ஆம் ஆண்டு ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் சகோதரர் கண்டனர். பின்னாளில் மேரி அம்மையாரின் கணவராக உலகப் புகழ் பெற்ற பியர் கியூரியே இவர்.

காவற்கருவியின் மூலம் இதனினும் பழையது. இருவேறு உலோகங்களை ஒன்றாக இணைத்து, இணைப்பைச் சூடாக்கினால் மின்னோட்டம் பிறக்கும் என்ற உண்மை 1821ஆம் ஆண்டு சீபெக் என்னும் ஜெர்மானிய அறிஞரின் ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. அவ்விணைப்புக்கு வெப்ப இரட்டை என்று பாடநூல்கள் பெயரிடுகின்றன. காஸ் அடுப்பின் எரிவளையத்தருகே பென்சில் முனையைப் போன்ற ஓர் உலோகத் தண்டு சுடரில் நனைந்துகொண்டிருக்கக் காணலாம். அதுவே வெப்ப இரட்டை. வெள்ளைப் பீங்கான் பொதிந்த மற்றொரு தண்டு பொறி தருவது. இரண்டையும் ஒன்றென எண்ணி மயங்கலாகாது.

சுடரில் சூடேறிய வெப்ப இரட்டை சில பத்து மில்லிவோல்ட் மின்சாரமே தரும். கைவிளக்கின் குமிழை எரிக்கவும் அது போதாது. ஆயினும் வாயுக் குழாயின் அடைப்பானை விழாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு சிறு மின்காந்தத்துக்கு அது போதும். சிறு குழந்தையால் கனமான கதவைத் திறக்க இயலாது. நாம் திறந்துவிட்டால், மூடாமல் சாய்ந்து நிற்க இயலும் அல்லவா? அதுபோலவே, நாம் குமிழை அழுத்தித் திறந்துகொடுக்க, மின்காந்தம் அதைப் பிடித்துக்கொள்கின்றது. சுடர் அணைந்தால் தண்டு குளிரும், மின்சாரம் ஒழியும், வில்சுருள் அடைப்பானைத் தள்ளி மூடிவிடும்.

பற்றரியால் இயங்கும் வெந்நீர்க் கருவிகளில் வேறொரு முறை உண்டு. சுடரின் ஊடே மின்சாரம் சிறிதளவு பாயும் என்னும் இயல்பைக் கொண்டு, சுடர் இருக்கின்றதா என்பதைக் கருவி அறிகின்றது. சுடர் மறைந்தால் சில விநாடிகளில் வாயு நிறுத்தப்படும்.

எல்லா அடுப்புகளிலும் இக்காவல் இல்லை என்பதையும் அறிய வேண்டும். பற்றவைத்த பின்னர்க் குமிழைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால்தான் சுடர் நிலைக்கும் என்றால், அந்த அடுப்பில் வெப்ப இரட்டை உண்டென்று கொள்ளலாம். கையை எடுத்தாலும் உடனே நிலைத்து எரியும் அடுப்பில் அநேகமாக அது இராது. அத்தகைய அடுப்பு எரியும்போது ஆள் அகலாதிருத்தலே அதற்குக் காவல். புதிய அடுப்பு வாங்குவோர் விலையை விசாரிக்கும்போதே இதனையும் விசாரித்தல் நன்று.

சோதிக்கும் முறை

சோதனை என்றவுடன் சிலர் எரியும் சுடரை ஊதி அணைத்துவிட்டு, வாயு நிற்கின்றதா என்று மூக்கால் பார்ப்பர். இது தவறான முறை. காவற்கருவி மூடுவதற்கு எடுக்கும் நேரம் முழுவதும் எரியாத வாயு அறைக்குள் வருமன்றோ? கருவி கெட்டிருந்தால் நிற்கவே நிற்காது. வாயுவை வெளியே விடாமலே செய்யக்கூடிய சோதனைகள் மூன்றினைக் கூறுவோம்.

முதலாவது, கசிவுச் சோதனை. யன்னலைத் திறந்து, அருகிலுள்ள விறகடுப்பும் விளக்கும் அணைந்திருக்கையில், அடுப்பின் குமிழ்களை மூடிவைத்து ரெகுலேட்டரை மட்டும் திறக்க வேண்டும். சவர்க்கார நுரையை ஒரு தூரிகையால் ரெகுலேட்டர் பொருந்தும் இடத்திலும், குழாய் நெடுகிலும், அடுப்புடன் குழாய் சேரும் இடத்திலும் பூச வேண்டும். நுரை கொப்புளித்தால் அங்கே கசிவு உண்டு. உடனே ரெகுலேட்டரை மூடுக. நெருப்புக்குச்சியைக் கொளுத்திக் கசிவு தேடுவதை எக்காலத்திலும் செய்யலாகாது.

இரண்டாவது, பொறிச் சோதனை. ரெகுலேட்டரை மூடி, அறையைச் சற்று இருளாக்கிப் பற்றவைக்கும் குமிழை இயக்குக. நீலப் பொறி எரிவளையத்தின் துளையருகே தோன்ற வேண்டும். பொறி வேறிடத்தில் பாய்ந்தாலும், மங்கலாகத் தோன்றினாலும், தண்டில் ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ படிந்திருக்கலாம்.

மூன்றாவது, காவற் சோதனை. அடுப்பைப் பற்றவைத்து இரண்டு மூன்று நிமிடம் நன்றாக எரியவிடுக. பின்பு குமிழைத் தொடாமல், சிலிண்டரிலுள்ள ரெகுலேட்டரை மூடுக. குழாயில் எஞ்சிய வாயு எரிந்து தீர்ந்து சுடர் தானே அணையும். அந்நேரம் முதல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செவியைத் தீட்டி நில்லுங்கள். தண்டு குளிர்ந்ததும் அடுப்பினுள்ளே 'டிக்' என்று ஒரு சிறு ஓசை கேட்கும். காவலாளி கதவை மூடிய ஓசை அது. சாதாரணமாக ஒரு நிமிடத்துக்குள் கேட்க வேண்டும். ஒன்றரை நிமிடம் கடந்தும் கேளாவிடின் கருவி பழுதென்றே கொண்டு, தொழில்நுட்பரிடம் காட்டும்வரை அந்த எரிவளையத்தைப் பயன்படுத்தாது விடுக. சோதனை முடிந்ததும் குமிழ்களையெல்லாம் மூடிய பின்னரே ரெகுலேட்டரை மீண்டும் திறக்க வேண்டும். இவ்வரிசை மாறலாகாது.

வெந்நீர்க் கருவிக்கு இன்னும் ஒரு சோதனை உண்டு. தண்ணீர்க் குழாயை மூடியவுடன் சுடரும் உடனே அணைய வேண்டும். அணையாது எரிந்தால் உள்ளே தங்கிய நீர் கொதித்துக் கருவி சேதமுறும், ஆளுக்கும் ஆபத்து. அத்தகைய கருவியின் வாயுவை நிறுத்திவிட்டுப் பழுதுபார்ப்பவரை அழைப்பதே முறை.

பேணும் முறை

காவற்கருவி கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் அடுப்படியின் அழுக்கே. வழிந்த பாலும் சோற்றுக் கஞ்சியும் தண்டின் முனையில் கருகிப் படிந்தால், சூடு உலோகத்தைச் சேராது. அடுப்பு முற்றிலும் ஆறியபின் உலர்ந்த துணியால் முனையைத் துடைத்தல் போதும். படிவு கெட்டியாயின் மெல்லிய உருக்குக் கம்பளியால் இலேசாகத் தேய்க்கலாம். தண்டை வளைத்தலும் நெம்புதலும் கூடா. முனை சுடருக்குள் இருக்க வேண்டும்; விலகினால் சுடர் எரியும்போதே வாயு நின்றுவிடும். குமிழ் நில்லாது வெளியே தள்ளுகின்றதென்று அதற்கு ஆப்பு வைத்து இறுக்குவோரும் உண்டு. காவற்காரனின் கையைக் கட்டிவிட்டு வீட்டைத் திறந்துபோடுவதற்கு ஒப்பானது அச்செயல்.

வெந்நீர்க் கருவியின் பற்றரிகளை ஆண்டுக்கொரு முறையேனும் இரண்டையும் சேர்த்தே மாற்றுக. பற்றரி தளர்ந்தால் பொறி தாமதிக்கும். அதற்குள் வாயு சேர்ந்து 'பொத்' என்ற ஓசையுடன் பற்றும். அந்த ஓசை கேட்டால் அதனை ஒரு புகார் என்று கொள்ளுங்கள். எந்தக் கருவியாயினும் சில விநாடிகளுக்குள் பற்றாவிடின், குமிழை மூடி, யன்னலைத் திறந்து, ஐந்து நிமிடம் பொறுத்த பின்பே மீண்டும் முயலுதல் வேண்டும். இறப்பர் குழாயை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், வெடிப்பு கண்டால் உடனேயும் மாற்றுதல் நலம். வீட்டார் செய்யத்தக்கது இவ்வளவே. அடைப்பானைக் கழற்றுதல், வாயுத் துளையைக் குடைந்து பெரிதாக்குதல் ஆகியவை பயின்றவர் கைக்கே உரியவை.

குளிர்நாட்டின் தனிக் கவலைகள்

மலைநாட்டில் வாழ்வோர் கீழ்நாட்டாரினும் சில செய்திகளை அதிகமாக அறிந்திருக்க வேண்டும். குளிர் மிகுந்த காலையில் சிலிண்டரில் பாதி இருந்தும் சுடர் குன்றி எரிவதுண்டு. பியூட்டேன் குளிரில் எளிதாக ஆவியாகாமையே இதன் காரணம். இதற்காகச் சிலிண்டரை வெந்நீரில் வைப்பதும், விறகடுப்பருகே நகர்த்துவதும், படுக்கவைத்து உருட்டுவதும் உயிரோடு விளையாடுவதாகும். படுத்த சிலிண்டரிலிருந்து திரவமே குழாயில் புகுந்துவிடும். சிலிண்டர் எப்பொழுதும் நிமிர்ந்தே இருத்தல் வேண்டும்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று அடர்த்தி குறைந்த இடத்தில் சுடருக்கு உயிர்வாயுவும் குறைவாகவே கிடைக்கும். சுடர் நீலநிறம் மாறி மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி பூசினால், எரிதல் நிறைவுறவில்லை என்பது பொருள். அப்பொழுது கார்பன் மொனொக்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டாகும். இதற்கு நாற்றமில்லை; மெர்காப்டனும் இங்கே உதவாது, ஏனெனில் அது வாயுவுடன் சேர்ந்து எரிந்துவிட்டது. குளிருக்கு அஞ்சிக் கதவு, யன்னல் இடுக்குகளையெல்லாம் துணியால் அடைத்து, உள்ளே ஹீட்டரோ கரிச்சட்டியோ வைத்து உறங்குவோருக்கு இதுவே யமன். வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் கண்டால், பனியின் குற்றமென்று எண்ணாது உடனே வெளிக்காற்றுக்கு வருதல் வேண்டும்.

நல்ல ஹீட்டர்களில் அறையின் உயிர்வாயு 21 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 18க்கு இறங்கும்போது தானே அணைந்துவிடும் காவல் உண்டு. அது அடிக்கடி அணைகின்றதென்று அக்காவலை நீக்கிவிடுதல் கூடாது. அடிக்கடி அணைந்தால் அறைக்குக் காற்று போதவில்லை, அல்லது அந்தக் கருவி இவ்வுயரத்துக்கு ஏற்றதன்று. காஸ் வெந்நீர்க் கருவியைக் குளியலறைக்குள் பொருத்தாது வெளிச்சுவரில் பொருத்துவதே பாதுகாப்பு.

ஒரு கூரையின் கீழ்

தோட்டத்து லயம் ஒரே நீண்ட கூரையை உடையது. ஒரு காம்பராவில் பற்றிய தீ கூரை வழியே ஓடிப் பத்துக் குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியதை மலைநாட்டுச் செய்திகளில் மீண்டும் மீண்டும் வாசித்திருக்கிறோம். பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் புத்தகம், சேர்த்துவைத்த சீட்டுப் பணம் யாவும் ஒரு மணி நேரத்தில் சாம்பலாகின்றன. ஆகையால் லயத்தில் ஒரு வீட்டுக் காஸ் அடுப்பு அந்த வீட்டாருக்கு மட்டும் உரிய காரியமன்று. பக்கத்து வீட்டு அக்காவின் குழாய் வெடித்திருந்தால் சொல்லுவதும், நம்முடையதைப் பிறர் சொன்னால் ஏற்பதும் அயலவர்க்கு அழகு.

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். தாயும் தந்தையும் மலையில் நிற்கும் நேரத்தில், பாடசாலையிலிருந்து வந்து அடுப்பைத் திறப்பவர் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளையாக இருக்கலாம். ரெகுலேட்டரை எப்பக்கம் திருப்பினால் மூடும் என்பது அப்பிள்ளைக்குத் தெரியுமா? நாற்றம் வந்தால் மின்விளக்கின் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது என்பது தெரியுமா? சாமிப்படத்தின் முன் விளக்கோ ஊதுபத்தியோ ஏற்றக்கூடாது; ரெகுலேட்டரை மூடி, கதவு, யன்னலைத் திறந்து, தம்பி தங்கையரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறி, அயல் வீடுகளுக்குக் குரல் கொடுக்க வேண்டும் என்பதை யாரேனும் சொல்லிக் கொடுத்தோமா?

ஞாயிற்றுக்கிழமை என்பது பெரும்பாலோர் வீட்டில் இருக்கும் நாள். பகலுணவுச் சமையல் முடிந்து அடுப்பு ஆறுவதற்குள், பிள்ளைகளை அருகில் நிறுத்தி, மேற்சொன்ன காவற் சோதனையைச் செய்து பாருங்கள். ரெகுலேட்டரை மூடும் வேலையை மூத்த பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். சுடர் அணைந்தபின் அந்தச் சிறிய ஓசைக்காக எல்லோரும் பேசாது காத்திருங்கள். கேட்டால் மகிழ்ச்சி. கேளாவிட்டால் நாளைக்கே அடுப்பைத் தொழில்நுட்பரிடம் காட்டுங்கள்; அதுவரை அந்த எரிவளையம் எரிய வேண்டாம்.